புகைக்குழாய் இல்லாத குற்றம்

உலகம் இன்னும் அழியாமல் இருப்பதற்குக் காரணம் மூன்று: காற்று, தண்ணீர், எங்கள் தூய வாகன ஊக்குவிப்பு அலுவலகம். முதல் இரண்டும் இயற்கை தந்தவை. அவற்றில் குறை இருக்கலாம். மூன்றாவது அரசாணையால் பிறந்தது.

நான் அங்கே எழுத்தர். புகை விடாத கார் வாங்குபவருக்கு விலையில் கால் பங்கை அரசு மானியமாகத் தரும். அது எங்கள் மேசைகளைத் தாண்டித்தான் போக வேண்டும். எங்கள் இயக்குநரோ ஹைட்ரஜன் காரின் பரம பக்தர். பதினோரு நாள் வெளிநாட்டு 'ஆய்வுப் பயணம்' போய், ஒரே ஒரு முறை அந்தக் காரில் உட்கார்ந்துவிட்டு வந்தவர். "பின்னாடி வெறும் தண்ணிதான்யா வருது" என்று சொல்லும்போது இன்றும் அவர் குரல் தழுதழுக்கும்.

வந்த வேகத்தில் சோதனைப் படிவத்தைத் தாமே எழுதினார். அதில் ஏழாவது கட்டம்: 'புகைக்குழாயில் வருவது என்ன?' புகை என்றால் மறுப்பு, தண்ணீர் என்றால் மானியம். குழாயின் வாயில் வெள்ளைக் கைக்குட்டையைக் கட்டி, பத்து நிமிடம் கழித்து அவிழ்த்துப் பார்ப்பது எங்கள் விஞ்ஞான முறை.

இந்த நேரம் பார்த்துத்தான் என் அக்கா ஒரு பேட்டரி காரை வாங்கித் தொலைத்தாள்.

அக்கா வீடு வீடாகப் போகும் நர்ஸ். மூச்சுக் கோளாறுள்ள பதினாறு பேருக்கு ஆக்சிஜன் சிலிண்டர் மாற்றுவது அவள் வேலை. சிலிண்டரோடு பஸ்ஸில் ஏறினால் நடத்துநர் இறக்கிவிட்டுவிடுவார். அதனால் கார் அவசியம். மானியம் வராவிட்டால் விற்றவர்கள் காரைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள்.

சோதனை நாளன்று இயக்குநர் கைக்குட்டையோடு காரின் பின்னால் குனிந்தார். எழுந்து ஒரு சுற்றுச் சுற்றினார். மறுபடி குனிந்தார்.

"குழாய் எங்கம்மா?"

"இதுக்குக் குழாய் கிடையாது சார். பேட்டரி வண்டி."

"குழாயே இல்லன்னா புகை வரலைன்னு நான் எப்படி நம்புறது?"

"குழாயே இல்லாதப்ப புகை எங்கேருந்து சார் வரும்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

விண்ணப்பம் தள்ளுபடியானது. காரணம்: 'ஏழாவது கட்டம் காலி.'

"ஏன்டா, உங்க ஆபீஸ்ல விவரம் தெரிஞ்சவங்க யாருமே இல்லையா?" என்றாள் அக்கா.

"இருந்தாரு. மாத்திட்டாங்க. நீ பேசாம ஒரு குழாயை மாட்டிடு."

மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டே ஒரு பழைய குழாயைக் காரின் அடியில் மாட்டினார். சும்மா தொங்கவிட மனம் வராமல், கைக்கு எட்டிய ரப்பர் குழல் ஒன்றை அதில் செருகினார். அது ஏசி தண்ணீர் சொட்டுகிற குழல்.

மறுசோதனை அன்று வெயில் கொளுத்தியது. அக்கா ஏசியைப் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தாள். பத்து நிமிடம் கழித்து இயக்குநர் கைக்குட்டையை அவிழ்த்துப் பிழிந்தார். மூன்று சொட்டு விழுந்தது. அவர் கண்ணிலிருந்து நாலாவது.

"தண்ணி. இது ஹைட்ரஜன் வண்டிய்யா."

"சார், அது ஏசி தண்ணி" என்றாள் அக்கா.

"சும்மா இருங்கம்மா. உங்க வண்டியைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

நான் அக்காவுக்குக் கண்ணைக் காட்டினேன். ஹைட்ரஜன் காருக்கு மானியம் கால் பங்கல்ல, பாதி. வலிய வந்த சீதேவியை எட்டி உதைப்பார்களா? முத்திரை குத்தியது இந்தக் கைதான். நாட்டின் முதல் தனியார் ஹைட்ரஜன் கார் எங்கள் பதிவேட்டில் ஏற, அலுவலகமே எழுந்து நின்று கைதட்டியது.

மறுநாள் காலை அக்காவிடமிருந்து போன். அவள் குடியிருப்பது நான்காம் மாடி; தெருமுனைச் சார்ஜர்தான் அவளுக்குக் கதி.

"சார்ஜர் என் வண்டி நம்பரைப் பாத்துட்டு 'ஹைட்ரஜன் வாகனத்துக்கு அனுமதி இல்லை'ங்குதுடா. நான் எப்படி வேலைக்குப் போறது?"

இயக்குநரிடம் ஓடினேன். "சார், அந்த வண்டிக்கு ஹைட்ரஜன் எங்க நிரப்புறது?"

"நிலையம் வருதுய்யா. ஆயிரம் கார் சேர்ந்ததும் கட்டிடுவோம்."

"இப்ப எத்தனை சார் இருக்கு?"

"ஒண்ணு" என்றார் பெருமையாக.

"அதைப் பேட்டரி வண்டின்னு மாத்திடலாமே சார்?"

"மாத்தினா பூஜ்யம் ஆயிடுமேய்யா."

ஒரு மாதமாகக் கார் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அக்கா சிலிண்டரைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறாள். பதினாறில் ஒன்பது வீட்டுக்குத்தான் அவள் கால் தாங்குகிறது. மீதி ஏழு பேர் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி இருக்கிறார்கள்.

ஆண்டறிக்கை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. 'ஹைட்ரஜன் கார் வெளியிட்ட புகை: இல்லை' என்று எழுதி நீட்டினேன்.

"நம்ம சாதனையைப் பத்திப் பெருமையா ஒரு வரி சேருய்யா" என்றார் இயக்குநர்.

சேர்த்தேன். படித்துப் பார்க்காமலே கையெழுத்திட்டார். அந்த வரி இதுதான்: 'துளிப் புகைகூட விடாமல் ஏழு பேரை மூச்சுத் திணற வைத்த ஒரே அலுவலகம் எங்களுடையது.'