குடைமிளகாயில் குத்திய குருத்தோலை

உலகத்து நோய்கள் அனைத்திற்கும் மருந்து ஏதோ ஒரு புத்தகத்தில் இருக்கிறது, அந்தப் புத்தகம் மருமகள் வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்தில் இருக்கிறது என்று என் கணவர் வீட்டில் அந்த நாட்களில் நம்பினார்கள். திருமணமான புதிதில், இருமல் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளை விரித்து அதிலுள்ளதைத் தமிழில் சொன்னேன். நம்பிக்கைக்கு அதுவே அடித்தளம். அவர்கள் நம்பியதைக் குறை சொல்ல மாட்டேன். நானும் நம்பிவிட்டேன், வினை அங்கேதான் தொடங்கியது.

வீடு ஆவூர்ப் பக்கம். மாமா, அதாவது என் கணவர் அருளின் தந்தை, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மாதா கோயிலில் பைபிள் வாசகம் வாசிப்பவர். என் கணவர் குறைமாதத்தில் பிறந்து, தங்குவாரா மாட்டாரா என்றிருந்தபோது, பிள்ளை பிழைத்தால் ஆயுள் முழுக்கத் தவக்காலத்தில் கறி தொடமாட்டேன் என்று மாமா நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தது. அதன்பின் முப்பதுக்கும் மேற்பட்ட தவக்காலங்கள், சாம்பல் புதன் முதல் ஈஸ்டர் வரை, மாமாவின் இலையில் ஒரு துண்டு கறி விழுந்ததில்லை. (பிழைத்த பிள்ளை மட்டும் ஞாயிறு தவறாமல் கறி கேட்கும். நேர்ச்சை அப்பாவுடையதுதானே.)

அந்த வருடத் தவக்காலத்தில் மாமாவுக்குக் குடலிறக்கம். புதுக்கோட்டையில் டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்குங்க ஐயா. இதோட ஆபரேஷன் பண்ண முடியாது. மாத்திரை தாரேன். ஈரல், கறின்னு நல்லாச் சாப்பிடுங்க. மூணு வாரங் கழிச்சு, புதன்கிழமை மறுபடியும் டெஸ்ட் எடுப்போம்."

"ஈஸ்டர் முடிஞ்சு சாப்பிடுறேங்க."

"ஒங்க குடலிறக்கம் ஈஸ்டர் வரைக்கும் பொறுக்குமா?"

"சொல்லிப் பாக்குறேங்க" என்றார் மாமா.

பஸ்ஸில் திரும்பி வீடு வந்ததும் அத்தை, அதாவது என் மாமியார், என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒம் பொஸ்தகத்துல இதுக்கு ஒண்ணும் இல்லையா ஆத்தா?" என்றார். புத்தகக்காரியிடம் அப்படிக் கேட்டால் அவள் என்ன செய்வாள்?

இருந்தது. ஊட்டச்சத்து பற்றிய ஒரு தடித்த நூலில் கறி அடைத்த குடைமிளகாயின் படமும், பக்கத்தில் அதன் சத்து அட்டவணையும் இருந்தன. கறியில் புரதம், இரும்புச்சத்து. குடைமிளகாயில் வைட்டமின் சி. காய்கறி, பயறு இவற்றிலுள்ள இரும்பை உடம்பு ஏற்றுக்கொள்ள அந்த வைட்டமின் துணைசெய்யும் என்று ஒரு வரி. எனக்கு அது போதும். கறிக்குப் பதிலாக மீல் மேக்கர், வேர்க்கடலை, முருங்கைக்கீரை மூன்றையும் அரைத்து அடைத்தால் நேர்ச்சையும் நிற்கும், ரத்தமும் ஏறும். (வேகவைத்தால் வைட்டமின் சி கணிசமாகக் குறைந்துவிடும் என்ற செய்தி அடுத்த பக்கத்தில் இருந்தது. நான் பக்கத்தைத் திருப்பவில்லை.)

பரிசோதனைக்கு மூன்று நாள் இருக்கையில், ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறான குருத்து ஞாயிறன்று, அடுப்பில் இறங்கினேன். மூன்று நாளில் ஒரு மனிதருக்கு ரத்தம் ஊற வைக்க ஆறு குடைமிளகாய் போதும் என்று கணக்கிட்ட அந்த அறிவாளியை இன்று நினைத்தாலும் எனக்குக் காது சூடாகிறது.

கணவர் படத்தைப் பார்த்துவிட்டார். "அப்பாவுக்கு எதை வேணும்னாலும் அடை. எனக்குக் கொத்துக்கறி வச்சுச் செய்" என்றார். ஆகவே கறி ஆறு, கீரை ஆறு. சந்தையில் பச்சைக் குடைமிளகாய் மட்டுமே கிடைத்தது. சிவப்போ மஞ்சளோ கிடைத்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

மூடியாக வெட்டிய காம்புப் பகுதியை மேலே வைத்துக் குத்த ஏதாவது வேண்டும். அடுக்களைச் சுவரில் ஒரு தென்னங்குருத்து சாய்ந்திருந்தது. நான்கைந்து இலையைக் கிழித்து ஈர்க்குகளை உருவித் துண்டுகளாக ஒடித்தேன். கீரை அடைத்ததற்கு ஒற்றை ஈர்க்கு, கறி அடைத்ததற்கு இரட்டை ஈர்க்கு. இட்லிச் சட்டியின் மேல்தட்டில் கீரை, கீழ்த்தட்டில் கறி. கறியின் சாறு நேர்ச்சைக்காரர் பங்கில் சொட்டிவிடக் கூடாதல்லவா? அடுப்பை ஏற்றிவிட்டு, என் நுட்பத்தை நானே மெச்சிக்கொண்டு குளிக்கப் போனேன்.

நான் திருமயம் பக்கத்து இந்துக் குடும்பத்தில் பிறந்தவள். குருத்து ஞாயிறுப் பூசையில் மந்திரித்துத் தரும் ஓலையைக் கிழிக்கக் கூடாது, கண்ட இடத்தில் போடக் கூடாது, சாமிச் சிலையான சுரூபத்தின் பின்னால் செருகி அடுத்த வருடச் சாம்பல் புதன் வரை காக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. அத்தை சேலை மாற்றிக்கொண்டு வந்து எடுத்துச் செருகலாம் என்று அதைச் சுவரில் சாய்த்திருந்தார். வந்து பார்த்தால், ஓலை எலும்பும் தோலுமாக நிற்கிறது. இட்லிச் சட்டியைத் திறந்தால், மந்திரித்த ஓலையின் ஈர்க்கு கொத்துக்கறியில் நிற்கிறது.

கத்தியிருக்கலாம். அத்தை கத்தவில்லை. எல்லா ஈர்க்கையும் ஒவ்வொன்றாக உருவி, கழுவி, மிச்ச ஓலையோடு சேர்த்துச் சுரூபத்தின் பின்னால் வைத்துவிட்டார். பன்னிரண்டு மிளகாயையும் ஒரே தாம்பாளத்தில் அழகாக அடுக்கினார். நான் வெட்கப்பட்டுவிடக் கூடாதாம்.

தலை துவட்டிக்கொண்டு வந்த நான், மாமாவின் இலையில் இரண்டு இருப்பதையும் அவர் ஒன்றில் பாதி முடித்திருப்பதையும் கண்டேன். பிறகுதான் தாம்பாளத்தைப் பார்த்தேன்.

"அத்தை, குச்சி எங்க?"

"அத விடு ஆத்தா. புதுசா வந்த புள்ள, ஒனக்கென்ன தெரியும்."

"இல்லத்தை, குச்சிதான் அடையாளம்! ஒத்தக் குச்சி கீரை, ரெட்டைக் குச்சி கறி!"

அத்தையின் கை வாய்க்குப் போனது. அந்த நேரம் பார்த்து என் கணவர், மென்றுகொண்டே, "என்னடி இது, எனக்கு முருங்கைக்கீரையா வருது?" என்றார்.

யாரும் மாமாவைப் பார்க்கவில்லை. மாமாவும் யாரையும் பார்க்கவில்லை. இலையில் இருந்த இரண்டாவதையும் நிதானமாக முடித்து, இலையை மடித்து, கை கழுவி, சட்டையை மாட்டிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பிவிட்டார். முப்பது வருடத்து வாக்கை இட்லிச் சட்டியில் வேகவைத்தவள் நான். அருகில் கிணறு இல்லாதது என் அதிர்ஷ்டம் என்று அன்று தோன்றியது. அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்து, "ஓலையையாச்சும் கேட்டிருக்கலாம்ல" என்று மட்டும் சொன்னார். அப்போதுதான் ஓலை விவகாரமும் எனக்குத் தெரிந்தது, அழுகை இரட்டிப்பானது.

ஒரு மணி நேரம் கழித்து மாமா வந்து அடுக்களை வாசலில் நின்றார். பள்ளிக்கூடத்தில் வருகைப்பதிவு வாசிப்பவர் போல நிமிர்ந்து நின்றார்.

"சாமியாருகிட்டப் பாவத்தச் சொல்லி, பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வாரேன். தெரியாமத் தின்னது பாவமில்லைன்னாரு சாமியார். நோயாளிக்கு விதிவெலக்கு உண்டுன்னும் சொன்னாரு. ஆனா நான் உள்ளதச் சொல்லிட்டேன்."

"என்ன மாமா சொன்னீங்க?"

"மொத வாயிலயே கறின்னு தெரிஞ்சுபோச்சு. பாதியில நிறுத்தியிருக்கலாம். அந்தா நிக்கிறாளே, புள்ள மொகம் வாடிருமேன்னு ஒண்ணத் தின்னேன்."

"ரெண்டாவதை?" என்றார் அத்தை.

மாமா சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அதுக்குத்தான் ஒரு செபமாலை சொல்லச் சொல்லியிருக்காரு."

புதன்கிழமைப் பரிசோதனையில் ரத்தம் தேறியிருந்தது. அறுவை சிகிச்சையும் நல்லபடியாக முடிந்தது. மூன்று வாரமாக விழுங்கிய மாத்திரைதான் காரணம் என்று எத்தனையோ முறை விளக்கிவிட்டேன். உறவுக்காரர் எவருக்கும் ரத்தம் குறைந்தால் இன்றும் எனக்குத்தான் போன் வரும். எடுத்தவுடன், "ஒத்தக் குச்சியா, ரெட்டைக் குச்சியா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார்கள்.

மாமா அதன்பின் பதினொரு தவக்காலங்கள் இருந்தார்; ஒன்றிலும் கறி தொடவில்லை. அவர் போனபின் நேர்ச்சையை என் கணவர் எடுத்துக்கொண்டார். யாரும் சொல்லவில்லை. இப்போது கப்பல் வேலையில் வெளிநாட்டில் இருக்கிறார்; அங்கேயும் காப்பதாகப் போனில் சொல்கிறார்.

குருத்து ஞாயிறன்று அத்தை ஓலையைச் சுவரில் சாய்ப்பதில்லை. கோயிலிலிருந்து வந்ததும் என் கையில் கொடுக்கிறார். நான்தான் சுரூபத்தின் பின்னால் செருகுகிறேன். பிறகு இரண்டு குடைமிளகாய்க்குக் கீரை அடைக்கிறோம். அடையாளம் எதுவும் வைப்பதில்லை. சாப்பிட நாங்கள் இருவர்தான்.