பாட்டின் ஆயுளும் ஹவில்தாரும்

ஒரு சினிமாப் பாட்டின் ஆயுள் தபால் கார்டில் இருக்கிறது என்பதை எழுபதுகளின் கடைசியில் நான் கண்டுபிடித்தேன். (அந்த வயதில் வேறெதையும் கண்டுபிடிக்கவில்லை. வேலையைக்கூட.)

நேயர் விருப்பத்தில் மட்டும் ஒலிக்கும் பாட்டு, வானொலியின் வாராந்திரப் பட்டியலிலிருந்து மூன்றே வாரத்தில் இறங்கிவிடும். மாதர் நிகழ்ச்சி, இளைஞர் நிகழ்ச்சி, படைவீரர் குடும்பங்களுக்கான நிகழ்ச்சி என்று எல்லாவற்றிலும் ஒலித்தால் நிலைக்கும். எனவே எனக்குப் பிடித்த ஒரு பாட்டுக்காக வீட்டிலுள்ளவர்கள் பெயரிலெல்லாம், அந்தந்த நிகழ்ச்சிக்குத் தக்கபடி கார்டு போட்டேன். பாட்டு பதினோரு வாரம் அசையவில்லை.

பன்னிரண்டாவது வாரம், அக்கா கமலாவைப் பெண் பார்க்க எர்ணாகுளத்திலிருந்து படகேறி வந்தார்கள். முன்பே இரண்டு இடங்கள் தட்டிப்போயிருந்தன. எங்கள் மட்டாஞ்சேரி மிளகு மண்டிகளின் நெடி கூடத்துக்குள் வராதபடி ஜன்னல்களைச் சாத்தியிருந்தோம். பேச்சு ஓய்ந்தபோது பிள்ளையின் அப்பா, "ரேடியோ இருக்கே, ஏதாவது வைக்கலாமே" என்றார்.

வைத்தேன். படைவீரர் நிகழ்ச்சி. பெருமையோடு ஒலியைக் கூட்டினேன்.

"அடுத்த பாடலை, எல்லையில் இருக்கும் தன் கணவர் ஹவில்தார் விஸ்வநாதனுக்காக விரும்பிக் கேட்பவர், மட்டாஞ்சேரியிலிருந்து திருமதி கமலா." வீட்டு எண்ணையும் வாசித்தார்கள்.

பாட்டு முழுவதும் ஒலித்தது. நிறுத்த யாருக்கும் கை வரவில்லை.

"பொண்ணுக்கு ஆத்துக்காரர் இருக்காரா? எங்களுக்கு மனசிலாகல்லையே" என்றாள் பிள்ளையின் அம்மா.

காப்பித் தட்டோடு நின்ற அக்கா, "எனக்கும் இப்பத்தான் தெரியும் மாமி" என்றாள்.

"அப்படி ஒருத்தர் கிடையாது மாமா. நான்தான் எழுதிப் போட்டேன்" என்றேன்.

"எதுக்கு?"

"பாட்டு பட்டியல்லேர்ந்து இறங்காம இருக்க."

பிள்ளையின் அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "வேற ஏதாவது காரணம் சொல்லியிருந்தா நம்பியிருப்பேன்டா" என்றார். பிறகு அப்பாவிடம் அடுத்த படகு எப்போது என்று கேட்டார்.

அக்காவுக்குக் கல்யாணம் ஆக மேலும் இரண்டு வருடம் ஆயிற்று. அந்த இரண்டு வருடமும் அவள் என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. கடிந்துகொண்டிருக்கலாம். பாலக்காட்டிலிருந்து வந்த அத்திம்பேரிடம், அப்பா முதல் வேலையாக இந்தக் கதையைத்தான் சொன்னார். அத்திம்பேர் சிரித்துவிட்டு அக்காவைக் கட்டிக்கொண்டார்.

இன்றும் சாம்பாரில் உப்பு போதவில்லை என்று அத்திம்பேர் முனகினால், அக்கா தலை நிமிராமல் சொல்வாள்: "விஸ்வநாதன் இத்தனை வருஷத்துல ஒருநாள் குறை சொன்னதில்லை."