கன்னத்தார் பார்த்த அலுமாரி

யாழ்ப்பாணத்தில் மரத்தைக் கையால் தடவிப் பார்த்தவர்கள் ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள். கன்னத்தால் பார்த்தவர் ஒருவர்தான். சுன்னாகத்தில் தளபாடங்களை அரத்தாளால் உரசிச் சாயம் பூசி மினுக்கிக் கொடுத்த அவருக்குக் 'கன்னத்தார்' என்று பெயர். வீட்டார் வைத்த பெயர் தபாற்காரருக்கே தெரியாது.

உரசி முடித்த பலகையில் இடது கன்னத்தைப் பதித்துக் கண்ணை மூடுவார். உள்ளங்கை தொழிலில் காய்த்துப் போகும், கன்னம் பொய் சொல்லாது என்பது அவர் கட்சி. அதற்காக இடது கன்னத்தை மட்டும் தினமும் மழிப்பார். வலது கன்னத்துக்குக் கிழமைக்கு ஒரு நாள். இடப்பக்கம் நின்று பார்த்தால் ஒருவர், வலப்பக்கம் நின்று பார்த்தால் இன்னொருவர்.

ஒருமுறை செத்தவீடொன்றில் சவப்பெட்டிமேல் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிவிட்டார். மனுசன் உடைந்துவிட்டார் என்று பெண்கள் புதிதாக ஒப்பாரி எடுத்தார்கள். கன்னத்தார் நிமிர்ந்து, "தலைமாட்டுப் பக்கம் இன்னும் ரெண்டு இழுவை இழுத்திருக்கலாம்" என்றார்.

அவர் எங்கள் வீட்டுக்கு வந்தது எழுபத்திரண்டில், ஆனிக் கடைசியில். ஆடிப்பிறப்புக் கூழை எங்களோடு இருந்து குடித்தார் என்பதால் இதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆவணியில் அக்காவுக்குக் கலியாணம். அம்மா சீதனமாகக் கொண்டுவந்த முதிரை மரத்து அலுமாரியைப் புதுக்கி அக்காவோடு அனுப்புவதாக ஏற்பாடு. அம்மா இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

"மாப்பிள்ளையின்ரை தாய் வந்து பார்ப்பா. ஒரு கறை தெரியப்படாது" என்று ஐயா சொல்லிவிட்டார்.

கறை ஒன்று இருந்தது. அம்மா தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு கதவோரத்தைப் பிடித்துத்தான் அலுமாரியைத் திறப்பா. அந்த இடம் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்திருந்தது. மற்ற இடமெல்லாம் உரசி முடித்துக் கன்னத்தார் அங்கே வந்தபோது, அக்கா அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றா.

"கையை எடு பிள்ளை."

"எடுக்கமாட்டன் அண்ணை. அம்மா பிடிச்ச இடம்."

"கொப்பர் என்னைத்தான் ஏசுவார்."

அக்கா அசையவில்லை. கன்னத்தாருக்கும் வேலை முடியவேண்டுமே. "சரி, பாக்கவாவது விடு" என்றார். அக்கா கையை எடுத்ததும் கன்னத்தை வைத்தார். வைத்தவர் எழும்பவில்லை. நித்திரையாகிவிட்டார் என்றே நினைத்தேன். கடைசியில் நிமிர்ந்தவரின் முகத்தில் அப்பட்டமான பொறாமை.

"இந்த வழுவழுப்பு என்ரை அரத்தாளுக்கு வராது" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு நாள் ஆளே இல்லை. ஐயா வேறு ஆள் தேடத் தொடங்கினார். மூன்றாம் நாள் கன்னத்தார் சாயச் சிரட்டைகளோடு வந்து இறங்கினார். பலகைத் துண்டுகளில் ஒவ்வொரு சாயமாகப் பூசி, வெயிலில் காயவிட்டு, அந்தக் கறுத்த இடத்தோடு ஒட்டிவைத்துப் பார்த்தார். பலகை முடிந்ததும் தன் வேட்டியில் பூசினார். வேட்டி முழுக்கப் புள்ளியான பிறகுதான் நிறம் சரிவந்தது.

அலுமாரி காய்ந்த அன்று அக்கா ஓடிவந்து பார்த்தா. எல்லாம் ஒரே கருந்தேன் நிறம். கதவோரத்தைத் தடவித் தடவித் தேடினா.

"அழிச்சுப்போட்டியளோ அண்ணை?"

"நான் அதிலை அரத்தாளே வைக்கேல்லை. மற்ற மரம் முழுக்க அந்த நிறத்துக்குக் கொண்டந்தனான்." சிரட்டையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "இனி எங்கை தொட்டாலும் கொம்மாவின்ரை கைதான்."

மாப்பிள்ளையின் தாய் வந்தா, விரலால் தேய்த்தா, குறை கிடைக்காத ஏமாற்றத்தோடு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனா.

கன்னத்தார் போய்ச் சேர்ந்து கனகாலம். இப்போதும் எங்காவது ஒரு நல்ல மேசையைக் கண்டால், சுற்றிவர ஆள் இல்லையென்று பார்த்துவிட்டு இடது கன்னத்தை மெல்ல வைக்கிறேன்.

இதுவரை எல்லாம் சொரசொரப்புத்தான்.