வாசலில் நிற்கத் தகுந்த துப்பாக்கி

எங்கள் சைலர் க்ரீக் பாப்டிஸ்ட் சபைக்கு ஞாயிற்றுக்கிழமை அறுபது பேர் வருவார்கள். அதில் கால்வாசிப் பேர் பிரசங்கத்தின்போது தூங்குவார்கள். இப்படிப்பட்ட ஒரு சபையை உலகத்தின் சகல ஆபத்துகளிலிருந்தும் காப்பாற்றியே தீர வேண்டும் என்று சென்ற வசந்த காலத்தில் நிர்வாகக் கூட்டம் ஏகமனதாக முடிவு செய்தது. ஏகமனதாக என்றால், கூட்டத்தில் தூங்கியவர்களும் ஆதரவு என்று கணக்கு.

அதன்படி 'சபைப் பாதுகாப்பு மற்றும் ஒருமைப்பாட்டு உயர்மட்டக் குழு' அமைந்தது. உறுப்பினர்கள் எட்டுப் பேர், நானும் ஒருவன். எட்டுப் பேருமே ஏற்கெனவே துப்பாக்கியோடுதான் சர்ச்சுக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஆர்கன்சாவில் அது பெல்ட் கட்டிக்கொள்வது மாதிரி, யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இதுவரை தனித்தனியாகக் கொண்டுபோனோம், இனிமேல் குழுவாகக் கொண்டுபோவோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல் வேலையாகக் கடந்தகால ஆபத்துகளை ஆராய்ந்தோம். எங்கள் சபையின் சரித்திரத்தில் அத்துமீறி நுழைந்தவர்கள் இரண்டே பேர். ஒன்று, பியானோவுக்கு அடியில் குட்டி போட்டு ஒரு மாதம் சபையையே நாறடித்த ஸ்கங்க் என்ற காட்டுப்பிராணி. மற்றது, இருபது வருஷத்துக்கு முன்னால் மூக்குமுட்டக் குடித்துவிட்டுப் பிரசங்கத்தின் நடுவே கெட்ட வார்த்தை பேசிக்கொண்டு உள்ளே வந்த ராய்ஸ் ஹாட்ஜ். அன்று வாசலில் நின்ற ஆர்லிஸ் டேக்கெட் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, ஒரு பெப்பர்மின்ட் மிட்டாயைக் கொடுத்து, கடைசி பெஞ்சில் உட்காரவைத்தார். அதற்கப்புறம் ராய்ஸ் குடிக்கவில்லை, சபையை விட்டும் போகவில்லை. ஆபத்தை உள்ளிருந்து அறிந்தவர் என்ற தகுதியில் அவரையே குழுவுக்குத் தலைவராக்கினோம்.

ஆர்லிஸ் அதே வாசலில் இன்னும் நின்றுகொண்டிருந்தார். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வருகிற ஒவ்வொருவர் கையையும் குலுக்குவதுதான் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை. பிரசங்கம் அவருக்கு இரண்டாம்பட்சம் என்று பாஸ்டருக்கே தெரியும். கோட்டின் இடது பையில் பிள்ளைகளுக்குக் கொடுக்கப் பெப்பர்மின்ட் மிட்டாய். வலது பையில் அவர் அப்பா காலத்து இரும்பு ரிவால்வர். மிட்டாயின் எடையும் ரிவால்வரின் எடையும் சமமாக இருப்பதால் கோட்டு நேராக நிற்கும்.

இரண்டாவது கூட்டத்தில் ராய்ஸ் எழுந்தார்.

"பிரதர்ஸ், எட்டுப் பேரும் எட்டு விதமா வச்சிருக்கோம். நாளைக்குச் சண்டைன்னு வந்து ஒருத்தருக்குத் தோட்டா தீந்துபோச்சுன்னா, பக்கத்துல இருக்கறவர்கிட்ட வாங்கிப் போட முடியுமா?"

"யாரோட சண்டை, அவ்வளவு நேரம்?" என்று ஆர்லிஸ் கேட்டார்.

"அதுக்குத் தனியா ஒரு துணைக்குழு போடுவோம்."

எல்லோரும் ஒரே மாதிரித் துப்பாக்கிக்கு மாறுவதென்று தீர்மானம் நிறைவேறியது. பிளாஸ்டிக் பிடி, பதினைந்து தோட்டா, இந்த வருஷம் பார்க்கிறவன் இடுப்பிலெல்லாம் தொங்குகிறதே அதே ரகம். மாறாதவர் வாசலில் நிற்கத் தகுதியற்றவர் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தார்கள். குழுவில் வாசலில் நிற்பவர் ஆர்லிஸ் ஒருவர்தான் என்பதால், அந்த வரி எட்டில் ஏழு பேரைத் தொடவே இல்லை. நாங்கள் ஏழு பேரும் அதை உற்சாகமாக ஆதரித்தோம்.

ஆர்லிஸ் ஒரு வாரம் யோசித்தார். ரிவால்வரை எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் மனைவி ஓப்பல் அதைச் சுற்றித் தட்டு வைத்தாள்.

"மாத்தினாத்தான் என்ன? அத வச்சு நீங்க என்னத்தச் சுட்டீங்க?"

"சுடறதுக்கா வச்சிருக்கேன்? கோட்டு நேரா நிக்கணும்ல."

"வாசல்ல நிக்கணுமா வேண்டாமா? அத மட்டும் சொல்லுங்க."

வாசலில் நிற்கத்தான் வேண்டும். ஆகவே துப்பாக்கிக் கடைக்குப் போனார். கடைக்கார பட், புது ரகத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தான்.

"எவ்வளவு லேசா இருக்கு பாருங்க ஐயா."

"மூணு வருஷத்துக்கு முன்னாடி பெரிய தோட்டாவா இருந்தாத்தான் ஆள் விழுவான்னு சொன்னியே."

"அப்ப அதான் உண்மை. இப்ப சின்ன தோட்டாதான் உண்மை. ரெண்டு உண்மையையும் நான்தானே வித்தேன். உங்களதுல அஞ்சுதான் போகும், இதுல பதினஞ்சு போகுது."

"அந்த அஞ்சும் எங்கப்பா போட்டது. இன்னும் அப்படியேதான் கெடக்கு."

பட் பழைய ரிவால்வரை வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தான். ஆர்லிஸ் புதியதை வலது பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். கோட்டு இடது பக்கம் சாய்ந்தது.

வாசலில் நிற்பவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து தெரிவது சபையின் விழிப்புணர்வைப் பற்றித் தவறான எண்ணத்தை உண்டாக்கக்கூடும் என்று அடுத்த கூட்டத்தில் ஒருவர் ஆட்சேபித்தார். நீண்ட விவாதத்துக்குப் பிறகு, மிட்டாயின் அளவைப் பாதுகாப்புத் தேவைக்கேற்ப ஒரு ஞாயிற்றுக்கு ஒரு கைப்பிடியாகக் குறைப்பதென்று முடிவாயிற்று. மிட்டாய் கிடைக்காத பிள்ளைகளின் அழுகை குழுவின் அதிகார வரம்புக்கு அப்பாற்பட்டது.

மிட்டாயோடு நிற்கவில்லை.

"இன்னொரு விஷயம், பிரதர் ஆர்லிஸ்," என்றார் ராய்ஸ். "வாசல்ல நிக்கறவரோட சுடுற கை எப்பவும் காலியா இருக்கணும். இனிமே கை குலுக்கக் கூடாது."

ஆர்லிஸ் முகம் சுருங்கிவிட்டது. "இடது கையால குலுக்கட்டுமா?"

"அதுலதான் மிட்டாய் இருக்கே."

"பின்ன எப்படித்தான் வாங்கன்னு சொல்றது?"

"தலைய ஆட்டுங்க. ஆனா கண்ண எடுக்காம ஆட்டுங்க."

அவர் தலையாட்டக் கற்றுக்கொண்டார். வாசலையே விடுவதைவிட அது மேல் என்று நினைத்திருக்க வேண்டும். பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் சங்கடத்தைத் தெரிவிப்பதற்கு நிகழ்ச்சி நிரலில் இடமில்லை.

நவம்பரில் ஒரு ஞாயிறு, ஆராதனை தொடங்கக் கொஞ்ச நேரமே இருந்தது. பாஸ்டர் வாசல் கூடத்துக்கு வேகமாக வந்தார். கையில், துடைக்கும் காகிதத்தில் சுற்றிய ஒரு துப்பாக்கி. ஆண்கள் கழிப்பறையில், காகிதச் சுருளுக்கு மேலே இருந்ததாம். உட்காரும்போது யாரோ கழற்றி வைத்து, எழுந்தபோது மறந்திருக்கிறார்கள். முன்பானால் பார்த்த மாத்திரத்தில் ஆளைச் சொல்லியிருப்போம். இப்போது எட்டும் ஒரே அச்சு. யாருடையது என்று பாஸ்டர் கேட்டதற்கு எட்டுப் பேரும் கூரையைப் பார்த்தோம்.

"எல்லாரும் அவங்கவங்களது எடுத்துக் கையில பிடிங்க," என்று ராய்ஸ் உத்தரவிட்டார்.

ஏழு துப்பாக்கிகள் வெளியே வந்தன. ராய்ஸின் கை மட்டும் இடுப்புக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. அவர் முகம் சிவந்தது. பிறகு தொண்டையைச் செருமினார்.

"இது ஒரு சோதனை. நான்தான் வேணும்னே வச்சேன். ஒருத்தராவது கண்டுபிடிச்சீங்களா? எனக்கு வெட்கமா இருக்கு, பிரதர்ஸ்."

எங்களுக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. தலைகுனிந்து நின்றோம். அந்த நேரம் பார்த்து வாசல் கதவு திறந்தது.

மின்னசோட்டாவிலிருந்து வந்து, ஊர்க்கோடியில் வெகுகாலமாகப் பூட்டிக்கிடந்த வீட்டை வாங்கியிருந்த ஹால்வர்சன், அவர் மனைவி கிரேட்டா, இரண்டு பெண்பிள்ளைகள். மூன்று வருஷத்தில் எங்கள் சபைக்கு வந்த முதல் புதியவர்கள். பளபளவென்று இஸ்திரி போட்ட உடையில், கையில் பைபிளோடு நின்றார்கள். எதிரே கையில் துப்பாக்கியோடு ஏழு ஆண்கள், எட்டாவதைப் பிடித்தபடி பாஸ்டர்.

கதவுக்குப் பக்கத்தில் நின்றவர் ஆர்லிஸ்தான். புது ஆளைப் பார்த்த சந்தோஷத்தில் குழுவும் விதியும் அவருக்கு மறந்துபோயின. பழக்கதோஷத்தில் வலது கை தானாக முன்னால் நீண்டது. அதில் துப்பாக்கி இருந்தது.

அவர்கள் கார் கிளப்பிய புழுதி அடங்க வெகுநேரமாயிற்று. "நான்கு பேர் மேற்கொண்ட ஊடுருவல் முயற்சி தோட்டாச் செலவின்றி முறியடிக்கப்பட்டது" என்று குழுவின் அறிக்கையில் எழுதினோம். கைதட்டலுடன் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

ஆர்லிஸ் கைதட்டவில்லை. அந்த வியாழக்கிழமை ஓப்பல் சுட்டுக் கொடுத்த பீகன் கொட்டைப் பலகாரத்தை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்த ஹால்வர்சனின் கோட்டு வலது பக்கம் தொங்கியது. அந்தத் தொங்கலை ஆர்லிஸுக்கு நன்றாகத் தெரியும்.

"நான் மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன் தம்பி," என்றார் ஆர்லிஸ்.

"ஐயோ, நாங்கதான் ஐயா கேக்கணும். முதல்ல பயந்துதான் ஓடினோம். அப்புறம் கிரேட்டாதான் சொன்னா, நாமதான் முறை தெரியாம வெறுங்கையோட போயிட்டோம், புது ஊருன்னா அவங்க மாதிரி நடந்துக்கணும்னு. எங்க ஊர்ல பைபிள் மட்டும் போதும்." கோட்டுப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். ஆர்லிஸின் ரிவால்வர். "பட் கடைல வாங்கினேன். புதுசா வாங்கறவங்களுக்கு இதுதான் ஏத்ததாம். ஆனா பெட்ரோல் பங்குல ஒருத்தர் சொன்னார், உங்க சபைல இது செல்லாதாமே? மாத்திடலாமா? நீங்க என்ன சொல்றீங்க?"

ஆர்லிஸ் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றார். வாசலை நினைத்துக்கொண்டார். பிறகு தன் வலது பைக்குள் கையை விட்டார்.

"மாத்திடலாம் தம்பி. என்கிட்டயே மாத்திக்கோங்க. ஞாயித்துக்கிழமை பிள்ளைங்களக் கூட்டிட்டு வந்துடணும்."

சமையலறை மேஜையில், பலகாரத் தட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக, கைமாற்றிக்கொண்டார்கள். வீட்டுக்குத் திரும்பி இடது பையில் பழையபடி மிட்டாயை நிரப்பியதும் கோட்டு நேராக நின்றதாம். "வாசல் போனாப் போகட்டும்யா," என்று என்னிடம் சொன்னார். "நாலு பேரு உள்ள வர்றாங்கல்ல."

வந்தார்கள். ராய்ஸ் ஹால்வர்சனின் இடுப்பைப் பார்த்தார், கண் கலங்கினார். உள்ளே நுழையும்போதே விதிப்படி வந்த ஒரே மனிதர் என்று எங்களிடம் சொன்னார். ஆர்லிஸின் பையில் இருந்தது விதிப்படி இல்லாததால் குழுவில் ஓர் இடம் காலியாயிற்று. அன்று மாலையே அது நிரப்பப்பட்டது.

அடுத்த ஞாயிறு ஆர்லிஸும் ஓப்பலும் படியேறி வந்தார்கள். வாசலில் ஹால்வர்சன், காலை அகட்டி, இரு கைகளும் காலியாக நின்றார். ஆர்லிஸ் முகமெல்லாம் சிரிப்போடு கையை நீட்டினார்.

"மன்னிக்கணும் ஐயா. விதி," என்று ஹால்வர்சன் மிகவும் மரியாதையாகச் சொன்னார். கண்ணை எடுக்காமல் தலையை ஆட்டினார்.

ஆர்லிஸ் நீட்டிய கையைக் கொஞ்சநேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு அதைத் தன் இடது பைக்குள் விட்டு, ஒரு மிட்டாயை எடுத்து, ஹால்வர்சனின் சட்டைப் பையில் போட்டுவிட்டு, கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். ராய்ஸை ஒருகாலத்தில் உட்காரவைத்த அதே இடம்.

அன்றைய அறிக்கையில், சபையின் சரித்திரத்தில் நிகழ்ந்த மற்றுமோர் அத்துமீறல் பதிவாயிற்று. அங்கீகரிக்கப்படாத ஆயுதத்துடன் வந்த முதியவர் ஒருவர், வாசற்காவலரின் சுடும் கையைப் பிடிக்க முயன்றார். எட்டுப் பேரும் கையெழுத்திட்டோம். ஹால்வர்சனுக்கு எங்கே போடுவது என்று தெரியவில்லை, நான்தான் இடத்தைக் காட்டினேன்.