கார்சியாக்களை எதிர்பார்த்து நின்றவர்

லண்டனுக்கு வந்திறங்கிய எந்தக் கார்சியாவும் எங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் கண்ணுக்குத் தப்பியதில்லை. அவர் அச்சொட்டான யாழ்ப்பாணத்தார்; ஸ்பெயின் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. ஆனாலும் ஹவுன்ஸ்லோ முழுவதும் அவர் "கார்சியா அண்ணை"தான். சொந்தப் பெயரைக் கேட்டால் அவருடைய மனைவியே ஒரு கணம் யோசிப்பார்.

விமான நிலையத்தில் தள்ளுவண்டிகளைச் சேர்த்து அடுக்குவது அவர் வேலை. பயணிகள் வெளியே வரும் வாசலில் ஒரு டிரைவர் "கார்சியா" என்ற அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும், வண்டிகள் அநாதைகளாகிவிடும். அண்ணை போய் டிரைவருக்குப் பக்கத்தில் நிற்பார். ஒருமுறை கோல்ஃப் பையோடு ஆறடி உயர வெள்ளைக்காரர் ஒருவர் வந்து அட்டையைப் பார்த்துக் கையசைத்தார். நேர்முகத்தில் தேறாதவரை அனுப்புவதுபோல அண்ணை தலையாட்டினார்.

"என்ன அண்ணை, உங்கடை ஆக்கள் ஆரும் வரீனமோ?" என்று கேட்டார் தமிழ் சூப்பர்வைசர்.

"ஓம். கொஞ்சம் பிந்துது."

பிறந்தநாள் விழாக்களில் கேக் வெட்டுமுன் அண்ணையின் பெயராராய்ச்சி தொடங்கிவிடும். "பாஸ்க் மொழியிலையிருந்து வந்ததெண்டு கனபேர் சொல்லீனம். கரடி எண்டும் கருத்தாம், இளந்தாரி எண்டும் கருத்தாம். இன்னும் முடிவில்லை."

"அவங்கள் ஆறுதலா முடிவெடுக்கட்டும். நீங்கள் அந்த மிக்சரை இஞ்சாலை தாங்கோ" என்பார் அப்பா.

நான் தரவுத்தளங்களோடு வேலை செய்பவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணை என்னிடம் வந்தார். "பிள்ளை, கம்ப்யூட்டரிலை ஒரு கார்சியாவைத் தேடித் தர ஏலுமோ?"

அவருடைய தம்பி ரவி, வெளிநாட்டுக்கு ஆளனுப்பும் ஏஜென்ட் கொடுத்த கள்ள ஸ்பானியப் பாஸ்போர்ட்டில் கார்சியா என்ற பெயரோடு லண்டனுக்குப் புறப்பட்டவன். மாட்ரிட்டிலிருந்து ஒருமுறை போன் எடுத்தான். "யோசிக்காதை அண்ணை, இஞ்சை தெருவுக்குத் தெரு என்ரை பேர்தான்" என்று சிரித்தானாம். அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை.

தேடினேன். ஸ்பெயினில் மிக அதிகம் பேருக்குள்ள குடும்பப்பெயர் அது. லத்தீன் அமெரிக்காவிலும் நிறைந்திருக்கிறது.

"அங்கிள், இந்தப் பேரை வைச்சு ஒருத்தரைப் பிடிக்க ஏலாது."

"அதுக்குத்தானே ஏஜென்ட் அதை எடுத்தவன்" என்றார்.

போய்ச் சேர்ந்ததும் ஏஜென்ட் பாஸ்போர்ட்டைத் திருப்பி வாங்கிவிடுவான், அதோடு அந்தப் பெயரும் போய்விடும் என்பது எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

சென்ற மாசியில் ஊரில் அவருடைய அம்மா இறந்துவிட்டார். மரண அறிவித்தல் தயாரிக்க என்னிடம் வந்தார். கிழக்கு லண்டன் குட்மேய்ஸிலிருந்து அவருடைய சித்தப்பா ஸ்பீக்கர் போனில் இருந்தார். பிள்ளைகளின் பெயர்களை அவர்கள் இருக்கும் நாட்டோடு போடுவது வழக்கம். உயிரோடு இல்லாதவர் பெயருக்கு முன்னால் "காலஞ்சென்ற" வரும்.

"ரவிக்குக் காலஞ்சென்ற எண்டு போடு தம்பி. எத்தினை வருசமாச்சு."

"அம்மா ஒருநாளும் அப்பிடிச் சொல்லேல்லை, சித்தப்பா."

"அப்ப எந்த நாடெண்டு போடப்போறாய்?"

கார்சியா அண்ணை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "ஸ்பெயின் எண்டு போடு, பிள்ளை."

போட்டேன். கீழே, தொடர்புக்கு அண்ணையின் கைபேசி எண்.

"வெளிநாட்டிலையிருந்து எடுக்கிறவைக்கு முன்னுக்கு பிளஸ் நாற்பத்திநாலு போட்டனியோ?"

"போட்டிட்டன், அங்கிள்."

மற்ற எழுத்துகளைவிட அந்த எண்ணைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டிருந்தேன்.