கராம்பு காயவைத்த கிராபிக்ஸ் கார்ட்

அலவத்துகொட,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மச்சான் ரிஸ்மிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நாங்கள் சுகம். கத்தாரில் நீயும் உன் வயிறும் குறைவில்லாமல் வளர துஆச் செய்கிறேன். போனில் சொன்னால் உன் ராத்தா ரபீகா கேட்டுவிடுவாள். அதனால்தான் நாளை பிளேன் ஏறும் ஹுதைபாவின் கையில் இந்தக் கடிதம்.

வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்கிறேன். ஐம்பத்திரண்டு வயதில் நான் மூன்று நாள் இருந்த இடத்தை விட்டு எழும்பாமல் கார் ரேஸ் கேம் விளையாடினேன்.

என் மகள் அகீலாவுக்கு நீ விட்டுப்போன கம்பியூட்டரின் கிராபிக்ஸ் கார்ட் இன்னும் உதவுகிறதா, புதிது வேண்டுமா என்று கேட்டிருந்தாய். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, ஆனாலும் கண்டதைச் சொல்கிறேன். எட்டு வருடக் கார்ட். பழைய கேம் போட்டால் பெருநாள் காலையில் அக்குறணை ரோடு மாதிரி தடையில்லாமல் ஓடும். புதுக் கேம் போட்டால் அதே ரோடு பள்ளிக்கூடம் விட்ட நேரம் மாதிரி நின்று நின்று போகும். அகீலா படிக்கிற கட்டட வரைதல் கோர்ஸுக்கு, வீடு வரைந்தால் வரும், வீட்டைச் சுற்றி மரம் நட்டால் நின்றுவிடும். ஆகவே அவள் வரைந்த கண்டியில் ஒரு மரமும் இல்லை. ஆனால் சூடு என்றால், சும்மா சொல்லக்கூடாது, அடுப்புத்தான். இங்கே ஒரு கிழமையாக விடாத மழை, பறித்த கராம்பு பூஞ்சணம் பிடிக்கப் பார்த்தது, கேம் ஓடினால்தான் கார்ட் சூடாகும் என்றார்கள், நான் பெட்டியின் மூடியைக் கழற்றி, மேலே சல்லடையில் கராம்பைப் பரப்பிவிட்டு ரேஸ் ஓடினேன். நான் எதில் மோதினாலும் கராம்பு காய்ந்தது. மூன்றாம் நாள் டக்கென்று ஒரு சத்தம். திரை கறுப்பு.

“கராம்பு காயப் போட என்ட தம்பிட சாமான்தானா ஒங்களுக்குக் கெடச்ச?” என்றாள் ரபீகா.

“ஒன்ட தம்பி இங்க ஈக்கக்குள்ள அதுல ஒரு வேலயும் செய்யல்ல. நானாவது செஞ்சனே” என்று சிரித்துச் சமாளித்தேன்.

அகீலா வந்து பார்த்தாள். மாதக் கடைசியில் காட்ட வேண்டிய வேலை, மூன்று மாதமாகச் செய்தது, அந்தக் கார்ட் இல்லாமல் திறக்காதாம். “வாப்பா, மரம்தான் இல்லாம ஈந்த. இப்ப வீடும் இல்ல.” அவ்வளவுதான் சொன்னாள். ஏசியிருந்தால் நானும் ஏதாவது பகிடி விட்டுத் தப்பியிருப்பேன். ஏசவில்லை. காய்ந்த கராம்பைக் கூட்டி அள்ளிப் போத்தலில் போட்டு மூடிவைத்தாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்குதில்லை மச்சான். ஊரையெல்லாம் பகிடி பண்ணுகிற வாய், சொந்தப் பிள்ளையிடம் ஒரு மன்னிப்புக் கேட்கத் தெரியாமல் கிடக்கிறது. பழையதென்றாலும் பரவாயில்லை, ஒரு கார்ட் தேடி வருகிற ஆள் வசம் அனுப்பு.

உன் உழைப்பில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.

இப்படிக்கு,
தலை குனிந்த மச்சான்
ஸமீம்

பி.கு.: மேலே எழுதியதை விட்டுவிடு, ஒன்றும் அனுப்பாதே. இன்று கார்டைக் கழற்றிக் கண்டிக்குக் கொண்டுபோனேன். அது சாகவில்லை; காற்றாடியில் ஒரு கராம்பு சிக்கியிருந்ததாம். கடைக்காரர் அதை எடுத்து, என் கண் முன்னாலேயே ஓடவைத்துக் காட்டி, கறுப்புச் சொப்பிங் பையில் சுற்றித் தந்தார். மாத்தளை பஸ்ஸில் சரியான சனம். பையை மற்றவர்களின் பைகளோடு காலடியில் வைத்தேன். இறங்கத் தூக்கியபோது பை சில்லென்று இருந்தது. கடைக்கார மனிதர் சூட்டையும் குறைத்துத் தந்திருக்கிறார் என்று சந்தோஷப்பட்டேன். வீட்டுக்கு வந்து, அகீலாவிடம் மன்னிப்புக் கேட்டு, பையை அவள் கையில் கொடுத்தேன். திறந்தாள். ஒரு கிலோ சாளை மீன் இருந்தது.