மாடி அறைக்கு ஒயர் ஏறிய விவரம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுகிறேன். இங்கே நாங்கள் சௌக்கியம். உங்கள் அத்தையின் குரலும் சௌக்கியம். அங்கே நீங்களும் என் மகளும், தவழ ஆரம்பித்துவிட்ட பேரனும் நலமாயிருக்க வேண்டும்.

போன தடவை மாடி அறையில் தங்கியபோது, "படியிலயும் ஒயர், தரையிலயும் ஒயர். இதைச் சரி பண்ணாம குழந்தையைத் தூக்கிட்டு வரமாட்டேன் மாமா" என்று சொல்லிவிட்டுப் போனீர்களே, சுருக்கென்று தைத்தது. பேரனைப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்குமா? எலக்ட்ரீஷியனைக் கையோடு கூட்டி வந்தேன். கூடத்து மேல்தளத்தைத் துளைத்து, குழாய் சொருகி, அதற்குள் ஒயரை மேலே ஏற்றுவதென்று முடிவாயிற்று. "முதல்ல மெயினை அணைங்க சார், விளையாட்டில்லை" என்றார். அணைத்தேன். டிரில் ஓடவில்லை. தட்டினோம், குலுக்கினோம், விற்ற கடைக்காரனைத் திட்டினோம். உங்கள் அத்தை எட்டிப் பார்த்து, "கரண்டை அணைச்சுட்டு டிரில்லை ஏன் இந்த அடி அடிக்கிறீங்க?" என்று கேட்டு எங்கள் இருவர் மானத்தையும் வாங்கினாள். அப்புறம் பக்கத்து வீட்டிலிருந்து கரண்டு இழுத்தோம்.

துளைக்கு இடம் பார்க்க, கூடத்து ஜன்னலிலிருந்து ஏழு அடி அளந்தேன்; மாடி ஜன்னலிலிருந்தும் ஏழு அடி அளந்து கோடு போட்டேன். எலக்ட்ரீஷியனும் பலே என்று தலையாட்டினார். என்னத்தைச் சொல்ல, இந்த வீட்டைக் கட்டிய மேஸ்திரி அந்த ரெண்டு ஜன்னலையும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக வைக்கவே இல்லை மாப்பிள்ளை! எலக்ட்ரீஷியன் மாடியிலிருந்து துளைக்க, நான் கூடத்தில் அண்ணாந்து நிற்கிறேன், துளை பக்கத்துக் குளியலறையில் இறங்கி, உங்கள் அத்தை தலையில் சிமெண்ட் தூள் கொட்டுகிறது. "இப்பத்தான்யா தலைக்குக் குளிச்சேன்!" என்று அவள் போட்ட சத்தத்தில் எலக்ட்ரீஷியன் மாடியை விட்டு இறங்கவே மறுத்துவிட்டார். தண்ணீர் படும் இடத்தில் ஒயர் கூடாதென்பதால் அந்தத் துளையை அடைத்துவிட்டு, இந்த முறை கீழேயும் மேலேயும் ஒன்றாக ஓடும் சுவரிலிருந்து அளந்தோம். துளை கூடத்திலேயே வந்தது. குழாய் இறங்கியது, ஒயர் ஏறியது, சுற்றிலும் இருந்த இடைவெளியையும் பூசியாயிற்று.

மெயினைப் போட்டதும் மாடியில் விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது. சந்தோஷத்தில் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. மாடி அறையில் தேடினாலும் தரையில் ஒரு ஒயர் கிடைக்காது. பேரன் மூலைக்கு மூலை தவழலாம். உங்கள் அறை தயார், உடனே கிளம்பி வாருங்கள்.

மூவரும் நோய்நொடியில்லாமல் நூறாண்டு இருக்க வேண்டுமென்று வாழ்த்தும்,
மாமனார்.

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள், ஃபேன் எப்படி என்று பார்க்க நானும் உங்கள் அத்தையும் மாடியில் கொஞ்சம் படுத்தோம். படுத்தவர்கள் படுத்தவர்கள்தான், கட்டிலும் பீரோவும் மேலே வந்துவிட்டன. பேரன் எங்களோடு இங்கேயே இருக்கட்டும். நீங்களும் மகளும் கீழே கூடத்தில் படுத்துக்கொள்ளுங்கள். மாடியிலிருந்து கழற்றிய பழைய ஒயரெல்லாம் அங்கே தரையில் அப்படியேதான் கிடக்கிறது. நீங்கள் என்ன, தவழவா போகிறீர்கள்?